உப்புத் தண்ணீரில் கீரை, மீன் இல்லாத குழம்பு: ராமநாதபுரம் கரையில் வீகனாகக் குடித்தனம் தொடங்குபவர்களுக்கு

ராமநாதபுரம் பக்கம் வந்து குடியேறி, மீனும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்று சொன்னால் முதலில் கிடைப்பது சிரிப்பு, அடுத்தது அனுதாபம். "என்ன ஆத்தா, ஒடம்புக்கு என்ன, டாக்டர் மீன் வேணாம்னுட்டாரா?" என்று பக்கத்து வீட்டு அக்கா நிஜமான கவலையோடுதான் கேட்பார். மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என்று கரை முழுக்க மீன்தான் சாப்பாடு, மீன்தான் தொழில். அதனால் விளக்கம் சொல்லி மாளாது. "எனக்கு ஒத்துக்கல அக்கா, காய் போட்டுக் குழம்பு வச்சா ஒரு கிண்ணம் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள், வேலை முடிந்தது.

இந்தக் கட்டுரை, விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத வீகன் சாப்பாட்டை இந்தக் கரையில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு. சென்னையிலோ கோவையிலோ இருந்து வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள்: பாதாம் பால், டோஃபு, லெட்டூஸ், ப்ரோக்கோலி, மாடியில் கேரட். அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தக் கரையில் தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் மேஸ்திரி ஒருத்தர்தான், அவர் பெயர் உப்பு. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பது எந்தச் செடி வரும் என்பதை முடிவு செய்யும், எந்தச் செடி வருகிறதோ அதை வைத்துத்தான் குழம்பு. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் செய்தால் காசும் போகும், செடியும் போகும்.

முதலில் தண்ணீர்

வீட்டுக்கு எத்தனை வகைத் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று இருக்கும். போர் அல்லது கிணற்றுத் தண்ணீர், குழாயில் முறை வைத்து வரும் கூட்டுக் குடிநீர், வண்டியில் குடம் கணக்கில் வாங்கும் குடிதண்ணீர். இதில் போர்த் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றப்போகிறீர்கள், அதனால் அதைச் சோதிக்க வேண்டும். சோப்பு நுரைக்கிறதா, பாத்திரம் காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஆனாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது, ஒன்று வாங்கிவிடுவது நல்லது. பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும்.

அந்த எண் 450-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை, எதையும் வளர்க்கலாம். 450-க்கும் 2000-க்கும் நடுவில் இருந்தால் செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், எண் ஏற ஏறத் தேர்வு சுருங்கும். 2000-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைத் தனியாக ஊற்றவே கூடாது, நல்ல தண்ணீரோடு கலந்துதான். கரையோரக் கிணறுகளில் இன்னொரு விஷயம் உண்டு. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் கனம் குறைவு, அது மணலுக்குள் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கும். இந்தப் பக்கத்துப் பெண்கள் மணலில் ஆழமில்லாமல் ஊற்று தோண்டி, அகப்பையாலோ சிரட்டையாலோ பொறுமையாக மொண்டு குடம் நிரப்புவது இதனால்தான். மோட்டாரை ஒரேயடியாக ஓடவிட்டால் மேலே இருக்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து, கீழே இருக்கும் உப்பு ஏறி வந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, இடைவெளி விட்டு எடுங்கள். காலையில் எடுத்த தண்ணீரையும், நெடுநேரம் மோட்டார் ஓடிய பிறகு எடுத்த தண்ணீரையும் மீட்டரில் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் நல்ல தண்ணீரை வீணாக்காதீர்கள். அரிசி களைந்தது, பருப்பு ஊறியது, காய் கழுவியது எல்லாம் ஒரு வாளியில் சேரட்டும். ஏசி இருந்தால் அதன் குழாயில் சொட்டும் தண்ணீர் தங்கம், அதில் உப்பே கிடையாது, நாற்றுக்கும் புதினாவுக்கும் அதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் தொட்டியும்

கடற்கரை மணலை அள்ளிவந்து தொட்டி நிரப்பாதீர்கள், எவ்வளவு கழுவினாலும் சரி. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கு உரம், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு, தொட்டிக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, இது போதும். தென்னைநார்க் கட்டியில் ஒரு எச்சரிக்கை. உவர்த் தண்ணீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் நாரில் உப்பு நிறைய இருக்கும். பெரிய வாளியில் ஊறப்போட்டு, பிழிந்து, தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று முறை அலசுங்கள். கடைசியாகப் பிழிந்த தண்ணீரில் மீட்டரை முக்கிப் பாருங்கள்.

உள்ளூரில் தெரிந்தவர்கள் இருந்தால் கண்மாய் வண்டல் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று சொல்லும் ஊர் இது, கண்மாய்க்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம். வண்டல் சத்தானது, ஆனால் களி. கலவையில் கால் பங்குக்கு மேல் போனால் தொட்டியில் கட்டியாக இறுகி வேர் மூச்சுவிட முடியாது.

உரத்தில் வீகன்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. இயற்கை விவசாயம் என்றதும் எல்லோரும் சொல்வது பஞ்சகவ்யம், மீன் அமிலம், எலும்புத்தூள். பஞ்சகவ்யத்தில் பாலும் தயிரும் நெய்யும் இருக்கின்றன, மற்ற இரண்டும் எதிலிருந்து வருகின்றன என்று சொல்லவே வேண்டாம். தொழு உரத்தைச் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்க மாட்டார்கள், அது உங்கள் முடிவு. எதையும் தொடாமலும் தோட்டம் நன்றாகவே வரும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றினால் கத்தரியும் மிளகாயும் அடங்காது. நாற்றம் அடிக்கும், சாயங்காலம் ஊற்றுங்கள். அடுப்படிக் கழிவுக்கு ஓட்டை போட்ட வாளி ஒன்று, காய்த்தோல் ஒரு அடுக்கு, காய்ந்த வேப்பிலையோ புங்க இலையோ ஒரு அடுக்கு, இப்படிப் போட்டு வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கு தயார். பனை ஓலையை அதில் போடாதீர்கள், மக்கவே மக்காது. சீமைக்கருவேலச் சருகை அள்ளினால் நெற்றும் கூடவே வரும், அப்புறம் தக்காளித் தொட்டியில் அதுதான் முதலில் முளைக்கும்.

தொட்டியின் அடியில் ஓட்டை தாராளமாக இருக்க வேண்டும், அடியில் தட்டு வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றும் இடத்தில் இது ரொம்ப முக்கியம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும், மண்ணின் ஓரத்தில் வெள்ளையாகப் படியும், இலை நுனி தீய்ந்த மாதிரி காயும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அடியில் வழிந்து ஓடும் அளவு ஊற்றுங்கள், தங்கிய உப்பு அதோடு இறங்கிவிடும். ஐப்பசி மழை பிடித்ததும் எல்லாத் தொட்டியையும் வானத்தைப் பார்க்க வெளியே வைத்துவிடுங்கள். வருஷத்து உப்பை மழை கழுவிவிடும்.

காற்று

ஆடிக்காற்று என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்வது வேறு, இங்கே அடிப்பது வேறு. ஆனியிலிருந்து ஆவணி வரை மணலையும் உப்பையும் சேர்த்துக்கொண்டு அடிக்கும். மாடியில் தொட்டி வைப்பதானால் காற்று வரும் பக்கம் மறைப்பு வேண்டும். செங்கல் சுவர் போல முழுசாக அடைத்துவிட்டால் காற்று மேலேறிக் குதித்து உள்ளே சுழலும், செடி இன்னும் அதிகமாக ஆடும். பனை ஓலையிலோ தென்னங்கீற்றிலோ இடுக்கு விட்டுக் கட்டிய தட்டிதான் சரி, பாதிக் காற்று உள்ளே வர வேண்டும், பாதி தடுக்கப்பட வேண்டும். கட்டுவதற்கு நைலான் கயிறு வாங்குங்கள், கட்டுக்கம்பி இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும். காற்று பலமாக அடித்த நாளின் சாயங்காலம் நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்துக் கழுவிவிட்டால் உப்பு படியாது. சித்திரை, வைகாசியில் மாடியில் நிழல்வலை இல்லாமல் எதுவும் தப்பாது.

எப்போது விதைப்பது, எதை விதைப்பது

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தண்ணீர் இருக்கும் ஊர்களுக்குச் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்துக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழைதான் நம்பிக்கை. அதனால் புரட்டாசியில் நாற்று விட்டு, மழைக்கு முன் செடி வேர் பிடித்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் மாசி வரைதான் இங்கே தோட்டத்தின் நல்ல காலம். தக்காளி, கத்தரி, மிளகாய், கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் அந்த நாலைந்து மாதத்துக்குள். வெயில் காலத்துக்குக் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை.

உப்பைத் தாங்குவதில் செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு. பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்பென்றால் சுருண்டுவிடும், உங்கள் மீட்டர் எண் அதிகம் என்றால் அவற்றைச் சந்தையிலேயே வாங்குங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். மிளகாய், முள்ளங்கி நடுத்தரத்துக்கும் கீழே. தக்காளி ஓரளவு தாங்கும். பீட்ரூட்டும் தட்டைப்பயறும் நன்றாகவே தாங்கும், கொத்தவரை எல்லோரையும் மிஞ்சும். புதிதாக வருபவர் முதலில் போட வேண்டியது கொத்தவரைதான் என்பது என் கட்சி. பறிக்கப் பறிக்கக் காய்க்கும், பூச்சி குறைவு, தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

முருங்கை இல்லாமல் இங்கே வீகன் வீடு நடக்காது. நிலத்தில் இடம் இருந்தால் மணிக்கட்டுப் பருமனில் மூன்று நான்கு அடிப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) ஒன்று வாங்கி மழைக்கு முன் நட்டுவிடுங்கள். இடம் குறைவு என்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம்-1 ரகத்தை விதையிலிருந்து பெரிய தொட்டியில் வளர்க்கலாம், ஆறு மாதத்தில் காய்க்கும். இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே கம்பாக மேலே போய் ஆடிக்காற்றில் முறிந்துவிடும். மணல் அதற்குப் பிடிக்கும். தண்ணீர் தேங்குவதுதான் பிடிக்காது.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றச் சொல்வார்கள். மோர் இல்லாத வீட்டில் அரிசி களைந்த தண்ணீரை இரண்டு நாள் புளிக்கவைத்து ஊற்றுங்கள், அதே வேலையைச் செய்யும். முதல் வருஷம் இலை பறிக்க ஆசைப்படாதீர்கள். புதினாவுக்கு விதையெல்லாம் தேட வேண்டாம், சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டு நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, ஏசித் தண்ணீரில் நிறுத்திவைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். அப்புறம் அகலத் தொட்டியில் பாதி நிழலில் வையுங்கள். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் வைத்துச் செருப்பாலோ கட்டையாலோ லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஒரு இரவு ஊறவைத்துப் போடுங்கள். மார்கழி, தைக்கு மேல் அது இங்கே பூத்துப்போய்விடும். கற்பூரவல்லி, பிரண்டை, தூதுவளை மூன்றும் மறந்துவிட்டாலும் சாகாத ரகம், ஒரு மூலையில் வைத்துவிடுங்கள்.

விலைக்கு வாங்காத கீரை ஒன்றும் இருக்கிறது. கடலோர உவர் நிலத்தில் குட்டையாக, தடித்த இலையோடு படர்ந்திருக்கும் உமரிக்கீரை. தெரிந்த ஆளோடு போய், அடையாளம் பார்த்து, கழிவுநீர் சேராத இடத்தில் பறியுங்கள். இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்துப் பிழிந்து, தேங்காயும் வெங்காயமும் போட்டு வதக்குங்கள். உப்பு போடாதீர்கள், செடியே போட்டு வைத்திருக்கும்.

பூச்சி என்றால் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும்தான் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர், சாயங்காலம் இலைக்கு அடியில் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுப்படி

இனி சமையல். எதை விட்டுவிட வேண்டும் என்று யோசித்தால் பட்டியல் நீளமாகத் தெரியும். ஏற்கெனவே பாலும் நெய்யும் இல்லாமல் நாம் சாப்பிடுவதை எண்ணிப் பாருங்கள்: இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பழைய சோறு, புளிக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், துவையல், சுண்டல், பனங்கிழங்கு, நுங்கு. முதல் மாதம் இதிலேயே ஓட்டிவிடலாம். சிரமம் வருவது மூன்றே இடத்தில்: மீன் குழம்பின் ருசிக்கு நாக்கு ஏங்கும்போது, தயிர் சோறு வேண்டும் என்னும்போது, டீ நேரத்தில்.

குழம்பு முதலில். மீன் குழம்பின் ருசியில் பாதிக்கு மேல் மீனுடையது இல்லை. புளி, வறுத்து அரைத்த மசாலா, நல்லெண்ணெய், மாங்காய்த் துண்டு, மண்சட்டி, இவற்றுடையது. அதனால் மீனை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்குக் கணக்கு இது. எட்டு குண்டு வத்தல், இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு, எல்லாவற்றையும் சிறு தீயில் தனித்தனியாக வறுத்து, மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு அம்மியில் ஓட்டியது போல நைசாக அரைக்க வேண்டும். குண்டு வத்தலை வேறு மிளகாயால் மாற்றாதீர்கள். முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் விளையும் இந்த முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் தடிப்பு, காரம் அளவோடு, அரைத்தால் குழம்புக்கு நிறமும் கெட்டியும் அதுவே கொடுக்கும்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக, மூன்று மேசைக்கரண்டி. நாலு கத்தரிக்காயைக் காம்போடு கீறி, அந்த எண்ணெயில் முதலில் தோல் சுருங்கும் வரை புரட்டி எடுத்து வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் பொன்னிறத்துக்கு மேல் போகக் கூடாது, கருகினால் குழம்பே கசக்கும். பதினைந்து சின்ன வெங்காயம் முழுசாக, எட்டுப் பல் பூண்டு, வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் இரண்டு தக்காளி. தக்காளி குழைந்ததும் மஞ்சள் தூள், அரைத்த மசாலா, பச்சை வாசனை போக ஒரு வதக்கு. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்பு போட்டு, முருங்கைக்காயை அப்போதே போட்டுவிடுங்கள், அது வேக நேரம் எடுக்கும். காய் வெந்து எண்ணெய் ஓரத்தில் பிரியத் தொடங்கும்போது கத்தரிக்காயையும் மாங்காய்த் துண்டுகளையும் போட்டு, தீயைக் குறைத்து, பத்து நிமிஷம். கரண்டி போட்டுக் கிண்டாதீர்கள், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி ஆட்டினால் போதும். மீன் உடையக் கூடாது என்று இந்த ஊரில் அப்படித்தான் ஆட்டுவார்கள், கத்தரிக்காய்க்கும் அதுவே நல்லது. காலையில் வைத்து மதியம் சாப்பிட வேண்டிய குழம்பு இது. மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும். கூடக் கடிக்க, வாழைக்காயை அரை விரல் தடிப்பில் சீவி, மிளகாய்த் தூள், மஞ்சள், பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு பிசறி அரை மணி நேரம் வைத்து, தோசைக்கல்லில் மீன் வறுப்பது போல இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று எடுத்துவிடுங்கள்.

காரம் வேண்டாத நாளுக்குச் சொதி. ஒரு தேங்காயைத் துருவி, கெட்டிப்பால் ஒரு கப், இரண்டாம் பால் இரண்டு கப் எடுங்கள். இரண்டாம் பாலில் சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், இஞ்சி, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள், கறிவேப்பிலை போட்டு வேகவிட்டு, ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. கீரை வெந்ததும் கெட்டிப்பால், நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழத்தை இறக்கிய பிறகு பிழியுங்கள். இடியாப்பத்துக்கு இதைவிட வேறு துணை தேவையில்லை. கடையில் சம்பல் வாங்கினால் மட்டும் மாசிக் கருவாடு தூவியிருக்கிறதா என்று கேளுங்கள், இந்தக் கரையில் கேட்காமல் வாங்கக் கூடாது.

தயிருக்கு நிலக்கடலை. முந்திரித் தயிர் நன்றாக இருக்கும், ஆனால் தினமும் கட்டுப்படியாகாது. ஒரு கப் பச்சை நிலக்கடலையை இரவு ஊறவைத்து, காலையில் தோலைத் தேய்த்து நீக்கி, இரண்டரைக் கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துத் துணியில் பிழியுங்கள். அந்தப் பாலை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் பத்து நிமிஷம் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும், அடுப்பை விட்டு நகர்ந்தால் அடி பிடிக்கும். விரல் வைத்தால் இதமான சூடு என்னும் அளவுக்கு ஆறியதும், பச்சை மிளகாய்க் காம்பு ஆறேழு போட்டு மூடிவையுங்கள். காம்பில் இருக்கும் நுண்ணுயிர்தான் உறை. நம் ஊர் வெயிலுக்கு எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் கூடக் கொஞ்சம் ஆகும். முதல் தடவை தண்ணீர் பிரிந்து தளர்வாகத்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள், அப்போது கெட்டியாக வரும். நிறம் மாறினாலோ கெட்ட வாசனை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தயிர் சோற்றுக்குக் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் கடலை வாசனை அடங்கிவிடும். பிழிந்த சக்கையை அடை மாவில் போடலாம்.

கூழுக்கு மோர் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். கேழ்வரகு மாவை முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் புளிப்பு அதிலேயே வந்துவிடும், நீராகாரம் விட்டுக் கரைத்து வெங்காயம் கடித்துக் குடியுங்கள். டீக்கு, பாலுக்கு மாற்று தேடி அலைவதைவிட டீயையே மாற்றிக்கொள்வது சுலபம். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுச் சுக்கு மல்லிக் காபி, அல்லது எலுமிச்சை பிழிந்த வரட்டீ.

கடற்பாசியையும் சொல்லிவிட வேண்டும். பாக்கெட்டில் வெள்ளை இழையாக விற்கும் அகர் அகர் பாசியிலிருந்து வருவது, ஜெலட்டின் போல மாட்டிலிருந்து இல்லை. 10 கிராம் இழையை ஊறவைத்து மூன்று கப் தண்ணீரில் முழுசாகக் கரையும் வரை கொதிக்கவிட்டு, சர்க்கரையும் ஒரு கப் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தட்டில் ஊற்றினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும்.

உடம்புக்கு

பி12 விஷயத்தில் சமரசம் கிடையாது. செடிகளில் நம்பும்படி அது கிடைக்காது. பழைய சோற்றில் இருக்கிறது, கடற்பாசியில் இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பி உட்காராதீர்கள். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய வருஷங்கள் ஆகலாம், தெரியும்போது கை கால் மரத்துப்போகும். ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சாப்பாட்டுக்கு மாறவே கூடாது.

மீனை விட்டதும் அயோடினும் குறையும். வாலிநோக்கம் போன்ற உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அளத்துக் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கும், அதில் அயோடின் சேர்த்திருக்காது. ஊறுகாய்க்கும் கருவடாம் போடவும் அதை வைத்துக்கொண்டு, தினசரிச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பு வாங்குங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு, 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, கூடவே எள்ளும் முருங்கைக்கீரையும். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட எலுமிச்சையோ நெல்லிக்காயோ அதே வேளையில் வேண்டும், டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். புரதத்துக்குத் தட்டைப்பயறு, மொச்சை, நிலக்கடலை, பாசிப்பயறு, இதில் ஏதாவது ஒன்று தினமும் இரண்டு வேளை தட்டில் இருக்கட்டும்.

கடையிலும் பந்தியிலும்

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவுதான், பாலும் நெய்யும் அதற்குள் இருக்கலாம். வீகன் உணவுக்கென்று 2022-ல் வந்த விதிப்படி தனி முத்திரை உண்டு, பச்சை நிறத்தில் ஆங்கில எழுத்து 'வி', மேலே ஓர் இலை. அது எல்லாப் பொருளிலும் இருக்காது, அதனால் பின்பக்கம் படியுங்கள், பிஸ்கட்டில் பால் பவுடர்தான் முக்கால்வாசி மாட்டும்.

கல்யாணப் பந்தியில் இலை போட்டதுமே "பருப்புக்கு நெய் வேண்டாம்" என்று முதல் ஆளிடம் சொல்லிவிடுங்கள், ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை. ஓட்டலில் தோசை சொல்லும்போது எண்ணெயில் ஊற்றச் சொல்லுங்கள். இனிப்புக்கு ஆசை வந்தால் கீழக்கரைத் தொதல் தேடிப் போகலாம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி போட்டுக் கை வலிக்கக் கிண்டுவது, தேங்காய் எண்ணெய் பிரிந்து தானாக மினுமினுக்கும். சிலர் வாசனைக்காக நெய் விடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.